ஒரு வேலையைக் குறைவறச் செய்து தொழிலில் தனித்து நிற்பது: திருகோணமலையில் பணி தொடங்கியோருக்கான முழுமையான வழிகாட்டி

வேலையில் சேர்ந்து ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை ஆனவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நகரத்து அரச அலுவலகமோ, உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதியோ, சீனக்குடாப் பக்கத்துத் தொழிற்சாலையோ, எங்கு வேலை செய்தாலும் கீழே சொல்லும் படிகளின் வரிசை மாறாது. நான் அதிகம் பழகியது கோவைகளோடும் கடிதங்களோடும் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அலுவலகத்திலிருந்தே வருகின்றன.

புதியவர்களுக்கு வேலை பழக்கிய ஆண்டுகளில், உழைப்பில்லாமல் பின்தங்கியவர்களை நான் மிகக் குறைவாகவே கண்டேன். வரிசையை மாற்றிச் செய்ததால் களைத்துப்போனவர்களே அதிகம். மேலதிகாரியின் கண்ணில் படவேண்டும் என்பது அவர்களுக்கு முதலில் வருகிறது. பிறகு மாலை வகுப்புகளில் சேர்ந்து சான்றிதழ் சேர்க்கிறார்கள். கையில் இருக்கும் வேலையைத் திருத்தவேண்டும் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது. இந்த மூன்றையும் எதிர்த்திசையில் செய்யவேண்டும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். தொலைபேசியில் குறித்துவைப்பதை நான் ஏற்பதில்லை. ஒரு மாதத்தின் குறிப்புகளைப் பக்கம் புரட்டி ஒரே பார்வையில் பார்ப்பதற்குத் தாள் வேண்டும். அடுத்து, உங்கள் கடமைப் பட்டியலின் பிரதி. அது உங்களிடம் இல்லையென்றால் கேட்டுப் பெறுங்கள், ஏனென்றால் எது உங்கள் பொறுப்பு, எது நீங்கள் உதவிக்குச் செய்வது என்ற வேறுபாடு பின்னர் பல இடங்களில் தேவைப்படும். மூன்றாவதாக, முகத்துக்கு நேரே பிழையைச் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். அவர் மேலதிகாரியாக இருக்கவேண்டியதில்லை. நீங்கள் செய்த வேலையை அடுத்ததாகக் கையில் எடுப்பவரே இதற்கு மிகப் பொருத்தமானவர்.

கால அளவையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் ஐந்து படிகளுக்கு ஓராண்டு தேவை. ஆறு மாதத்தில் பலன் தெரியவில்லை என்று கைவிட்டவர்கள், பெரும்பாலும் பலன் தெரியத் தொடங்கும் கட்டத்தில்தான் கைவிட்டார்கள்.

1. மூன்று மாதம் பார்த்து எழுதுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது பத்து நிமிடம் ஒதுக்கி, இன்று என்னென்ன வேலை வந்தது, அதற்காக யார் காத்திருந்தார், எது திரும்பி வந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். திரும்பி வந்தவற்றுக்கு மட்டும் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்தப் படி ஏன் முதலில் வருகிறது என்றால், நமக்கு முக்கியமாகத் தோன்றும் வேலையும் உண்மையில் பிறரைத் தடுத்து நிறுத்தும் வேலையும் பெரும்பாலும் வேறுவேறானவை. கருமபீடத்தில் இருந்த ஒரு பயிலுநர், மாதாந்த அறிக்கை தயாரிப்பதே தன் பெரிய வேலை என்று நினைத்திருந்தார். மூன்று மாதக் குறிப்பைப் புரட்டியபோது, திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவை அவர் கையால் ஏற்றுக்கொண்ட விண்ணப்பப் படிவங்கள் என்பது தெரிந்தது. அறிக்கையைப் பற்றி அந்த மூன்று மாதத்தில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, மற்றவர்களின் குறைகளை எழுதத் தொடங்குவது. கொப்பியின் பாதி அடுத்த மேசைக்காரரைப் பற்றியதாகிவிட்டால் அதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அடுத்த மேசையைத் திருத்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.

2. ஒரே ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கள்

குறிப்பிலிருந்து ஒரு வேலையைப் பிரித்தெடுங்கள். அது வாரத்தில் பலமுறை வரவேண்டும். அதற்காக இன்னொருவர் காத்திருக்கவேண்டும். அதன் முடிவு பெருமளவு உங்கள் கையில் இருக்கவேண்டும். அடிக்கடி வராத வேலையில் கை பழகாது. யாரும் காத்திராத வேலையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அதன் பயன் எவரையும் சென்றடையாது. முடிவு பிறர் கையில் இருந்தால், உங்கள் திருத்தம் எங்கே வேலை செய்தது என்பதை உங்களாலேயே கண்டுபிடிக்கமுடியாது.

விழா ஏற்பாடு, ஆண்டறிக்கை, அமைச்சர் வருகைக்கான ஆயத்தம் போன்றவற்றைத் தெரிவு செய்பவர்கள் உண்டு. அவை கண்ணில் படும் வேலைகள் என்பது உண்மை. ஆனால் ஆண்டில் ஓரிரு தடவை வருவதை வைத்து ஒரு திறனை வளர்த்தெடுக்க முடியாது. ஒருமுறை பிழைத்தால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கவேண்டும்.

மேலே சொன்ன பயிலுநர், விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஏற்பதைத் தெரிவு செய்யத் தயங்கினார். "அது பியோனும் செய்யக்கூடிய வேலைதானே சேர்" என்றார். அன்று பதினொரு மணியளவில் வெருகலிலிருந்து வந்த ஒரு தாய் கருமபீடத்தில் நின்றார். அவருடைய விண்ணப்பம் இரண்டாம் முறையாகத் திரும்பியிருந்தது. கையில் வைத்திருந்த பொலித்தீன் பையிலிருந்து ஒவ்வொரு பிரதியாக எடுத்து மேசையில் அடுக்கிவிட்டு, "இதிலே எது பிள்ளை குறை? சொன்னால் ஒரேயடியாகக் கொண்டுவந்துவிடுவேன்" என்று கேட்டார். ஈச்சிலம்பற்றிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ வருபவருக்கு ஒரு தடவை திரும்பிப் போவது ஒரு நாள் கூலியும் பஸ் காசும் ஆகும். அதன் பிறகு அந்தப் பயிலுநர் தெரிவைப் பற்றி என்னிடம் மறுபேச்சுப் பேசவில்லை.

3. அளவுகோலை எழுதிவையுங்கள்

"இனிமேல் கவனமாகப் பார்ப்பேன்" என்பது தீர்மானம், அளவுகோல் ஆகாது. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எழுதினால்தான், களைப்பாக இருக்கும் நாளிலும் அதைக் கொண்டு வேலையைச் சோதிக்கமுடியும். நல்ல அளவுகோல், மேலதிகாரி கேட்பதைவிட ஒரு படி கூடுதலாகவும், உங்கள் வேலை நேரத்துக்குள் செய்யக்கூடியதாகவும் இருக்கும்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். படிவத்தில் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. அது சரியான இலக்கமா என்று பார்ப்பதற்கு அதன் அமைப்புத் தெரியவேண்டும். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். புதிய அட்டையில் எழுத்து இல்லை, மொத்தம் 12 எண்கள், பிறந்த ஆண்டு நான்கு எண்ணாக வரும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்றே கணக்கிடுவதால், எந்த ஆண்டாக இருந்தாலும் மார்ச் 1 என்பது 61ஆவது நாள். ஆகவே 1994 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் பழைய இலக்கம் 94561 என்றும் புதிய இலக்கம் 1994561 என்றும் தொடங்கவேண்டும்.

அந்தப் பயிலுநர் ஒரு சிறிய அட்டையில் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளும் எத்தனையாவது நாள் என்பதை (ஏப்ரல் 92, மே 122, ஜூன் 153 என்று டிசம்பர் 336 வரை) எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். படிவத்தில் உள்ள பிறந்த திகதியையும் இலக்கத்தையும் ஒத்துப்பார்க்கச் சில விநாடிகளே பிடிக்கும். பொருந்தாவிட்டால், விண்ணப்பதாரர் கருமபீடத்தை விட்டு நகருமுன்னே பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்ப்பார். உடனே பிழை என்று முடிவு கட்டவும் கூடாது. அட்டை எடுத்தபோது கொடுத்த திகதியே வேறாக இருந்திருக்கலாம். அப்படியானால் எந்த ஆவணத்தைத் திருத்தவேண்டும் என்பதையும் அதே இடத்தில் சொல்லியனுப்பலாம்.

விடுதியின் வரவேற்பு மேசையில் இரவு வேலை செய்பவருக்கு இதே படி வேறு உருவில் வரும். காலை ஆறு மணிக்குப் புறாத்தீவுக்குப் படகில் போகவிருக்கும் விருந்தினரின் பெயர், அறை இலக்கம், கட்டிக்கொடுக்கவேண்டிய காலை உணவு, படகுக்காரருக்கு உறுதிப்படுத்திய நேரம் ஆகிய நான்கும் கைமாற்றுப் புத்தகத்தில் எழுதப்பட்டனவா என்பதே அவருடைய கேள்வி. நான்கும் இல்லாமல் எழுந்து போகக்கூடாது என்பது அவருடைய அளவுகோல்.

ஐந்து கேள்விகளுக்கு மேல் வேண்டாம். பதினைந்து கேள்விகள் கொண்ட பட்டியலை ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை.

4. பிழைக் குறிப்பு வைத்திருங்கள்

கொப்பியின் பின்பக்கத்திலிருந்து நான்கு நிரல்கள் கீறுங்கள்: திகதி, என்ன பிழை, எந்த இடத்தில் புகுந்தது, அதற்காக எதை மாற்றினேன். நான்காவது நிரல் வெறுமையாக இருக்கும் வரிதான் மீண்டும் வரப்போகும் பிழை. வெள்ளிக்கிழமை மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி அந்த வாரத்து வரிகளைப் படியுங்கள்.

மூன்றாவது நிரலில் பெரும்பாலானவர்கள் "கவனக்குறைவு" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லை எழுத உங்களுக்கு நீங்களே தடை போட்டுக்கொள்ளுங்கள். அது காரணத்தைத் தேடவிடாமல் நிறுத்திவிடும். பெயர்ப்பட்டியலைப் பிரதியெடுக்கும்போது தொலைபேசி ஒலித்ததா, இரண்டு பக்கங்கள் ஒட்டியிருந்தனவா, மூலப்பிரதியே மங்கலாக இருந்ததா என்று இடத்தைக் காட்டும்படி எழுதினால்தான் நான்காவது நிரலுக்குப் பதில் கிடைக்கும்.

என் சொந்தப் பிழை ஒன்றை இங்கே சொல்வது பயன்படும். பணியின் தொடக்க ஆண்டுகளில், பயனாளிகள் பட்டியல் ஒன்றைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே அந்த எழுத்துரு கணினியில் இல்லை. அவர்கள் திறந்தபோது பெயர்கள் யாவும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்திருக்கின்றன. அவர்களும் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசி வந்தபோதுதான் பட்டியல் அசையாமல் கிடந்தது தெரிந்தது. அந்த இரண்டு வாரமும் பட்டியலில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான். அன்று முதல், வெளியே போகும் எதையும் யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் பிரதியையும் இணைத்து, மறுநாள் காலை ஒரு தொலைபேசி அழைப்பில் "திறந்து படிக்கமுடிகிறதா" என்று கேட்பதை வழக்கமாக்கினேன். பிழைக் குறிப்பில் அந்த வரிக்குக் கீழே அதே பிழை மறுபடி வரவில்லை.

5. வேகத்தைப் பிறகு சேருங்கள்

பிழை குறையும்வரை வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நேர்த்தி பழகிய கைக்கு வேகம் தானாக வரும். வேகம் பழகிய கையை நேர்த்திக்குத் திருப்புவது மிகவும் கடினம். மாத இறுதியிலும் நீண்ட விடுமுறைக்கு முந்திய நாளிலும் வேலை குவியும்போது அளவுகோலைத் தளர்த்தத் தோன்றும். அந்த நாட்களில் வேலையின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள மேலதிகாரியிடம் கேளுங்கள், அல்லது அரை மணி நேரம் கூடுதலாக இருங்கள். ஐந்து கேள்விகளில் ஒன்றையும் விடாதீர்கள். நெருக்கடி நாளில் நீங்கள் செய்ததை வைத்தே மற்றவர்கள் உங்களை நம்புவதா என்று தீர்மானிக்கிறார்கள்.

6. அந்த வேலைக்கான மொழியைத் திருத்துங்கள்

திருகோணமலையில் ஒரே கருமபீடத்துக்கு மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இங்கே வேலை செய்பவருக்கு மொழி தனித் திறமை ஆகாது, வேலையின் ஒரு பகுதி. இருந்தும் புதியவர்கள் மொழி என்றதும் ஆங்கில வகுப்புக்கே ஓடுகிறார்கள்.

அலுவலகத்தில் இருப்பவருக்கு நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் தமிழ்க் கடிதம். பொருள் தலைப்பு, முந்தைய கடிதத்தின் இலக்கமும் திகதியும், கேட்பது என்ன, எந்த நாளுக்குள் தேவை என்பவை தெளிவாக விழும் ஒரு பக்கக் கடிதத்தை எழுதத் தெரிந்தவர்கள் நான் கண்ட இடங்களில் மிகச் சிலரே. ஆகவே தனித்து நிற்பதற்கு இதைவிடக் குறுகிய வழி எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய வரைவில் மேலதிகாரி சிவப்பு மையால் திருத்தியவற்றை எறிந்துவிடாதீர்கள். பழைய வரைவுகளை வரிசையாகக் கோர்த்து வைத்தால் அதுவே உங்கள் பாடப்புத்தகம்.

அடுத்தது சிங்களம். 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் சேர்ந்தவர்கள் தாம் அறியாத மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்பது விதி. ஆனால் பரீட்சைக்காக மட்டும் படித்தவர் கருமபீடத்தில் வாய் திறப்பதில்லை. ஆகவே நீங்கள் தெரிவு செய்த வேலையில் ஒரு நாளில் கேட்கும் முப்பது கேள்விகளைத் தமிழில் எழுதுங்கள். சிங்களம் பேசும் சக உத்தியோகத்தர் ஒருவரிடம் அவற்றைச் சொல்லச்சொல்லித் தொலைபேசியில் பதிவு செய்து, நாளுக்கு மூன்று வீதம் பழகுங்கள். முப்பதும் வாயில் வந்துவிட்டால் அதற்குப் பிறகு பரீட்சைப் புத்தகம் அந்நியமாகத் தோன்றாது. உங்களுக்குச் சொல்லித்தந்தவர் தமிழ் கற்க விரும்பினால் அதே முப்பதையும் அவருக்குத் தமிழில் பதிவு செய்து கொடுங்கள்.

விடுதியில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் முன்னுக்கு வரும், சிங்களம் அடுத்து. உள்ளூர்க் குடும்பங்கள் வார இறுதிகளில் தெற்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருவதால் அதை ஒதுக்கிவிடமுடியாது. கடல் கொந்தளிக்கும் வடகீழ்ப் பருவமழை மாதங்களில் விருந்தினர் குறைவு. பழகுவதற்கு அந்த மாதங்களே வாய்ப்பானவை.

7. இப்போது சான்றிதழைத் தேடுங்கள்

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓராண்டுக் குறிப்புக் கையில் இருக்கும்போது எந்தச் சான்றிதழ் தேவை என்பதை நீங்களே சொல்லிவிடலாம் என்பதால்தான் இது ஏழாவது படி. நானே தொடக்கத்தில் மூன்று ஆண்டு மாலைகளைப் பொருத்தமில்லாத வகுப்புகளில் செலவிட்டேன். அவற்றில் கற்ற எதுவும் என் மேசைக்கு வரவில்லை.

கைத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தேசிய தொழிற்தகைமை முறையில் 1 முதல் 7 வரை மட்டங்கள் உண்டு. வெல்டிங், மின்னிணைப்பு, சமையல் போன்றவற்றில் ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள், முழுநேர வகுப்புக்குப் போகாமல் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே செய்த வேலையின் சான்றுகளைக் கேட்பார்கள். இதுவரை எழுதிய கொப்பியும், செய்துமுடித்த வேலைகளின் திகதியிட்ட படங்களும் அப்போது கைகொடுக்கும். அரச சேவையில் இருப்பவர்கள் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையைத் தள்ளிப்போடாதீர்கள். வேலையில் எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும், அது நிலுவையில் இருந்தால் சம்பள ஏற்றமும் பதவியுயர்வும் தடைப்படும்.

8. செய்ததைத் தெரியப்படுத்துங்கள்

நல்ல வேலை தானே பேசும் என்று காத்திருந்து மனம் கசந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறைவில்லாத வேலைக்கு ஓசை இல்லை. கடிதம் திரும்பி வராததை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே சொல்லவேண்டும், ஆனால் சொல்லும் முறை ஒன்று உண்டு.

வருடாந்தச் செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: தெரிவு செய்த வேலை, தொடக்கத்தில் மாதத்துக்கு எத்தனை திரும்பி வந்தன, இப்போது எத்தனை, இடையில் எதை மாற்றினீர்கள், யார் உதவினார்கள். பெயரடைகள் வேண்டாம். எண்களும் திகதிகளும் போதும். மேலதிகாரியிடம் அதைக் கொடுக்கும்போது பாராட்டைக் கேட்காமல், "சேர், அடுத்ததாக எதை இப்படிச் செய்யட்டும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காக அவர் அந்தப் பக்கத்தை முழுவதும் படிக்கவேண்டியிருக்கும்.

உதவியவர்களின் பெயரை விடுவது இந்தப் படியில் அதிகம் நேரும் பிழை. சிறிய ஊர் இது. காலையில் அலுவலகத்தில் சொன்னது மாலையில் உட்துறைமுக வீதிவரை போய்விடும். ஒருவரை விட்டுவிட்டு எழுதிய பக்கம் அடுத்த ஆண்டு உங்கள் வேலையைக் கடினமாக்கும்.

9. கைமாற்றக்கூடியதாக எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்

இடமாற்றம் எப்போதும் வரலாம். நீங்கள் போன மறுவாரம் அந்த வேலை பழைய நிலைக்குத் திரும்பினால், கருமபீடத்துக்கு வருபவர்கள் மறுபடி அலையவேண்டியிருக்கும். ஆகவே இரண்டாவது வேலையைத் தெரிவு செய்யுமுன், முதல் வேலையை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் ஐந்து கேள்விகளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணமும் இருக்கட்டும். இரண்டாம் பக்கத்தில், பிழைக் குறிப்பிலிருந்து மூன்று தடவைக்கு மேல் வந்த பிழைகளை மட்டும் எடுத்து எழுதுங்கள். காரணத்தை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் கொடுத்தால், அடுத்து வருபவர் அவசரமான நாளில் முதலில் விடுவது அந்தக் கேள்வியைத்தான்.

எழுதியதைப் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் இருந்து, அவர் பத்து விண்ணப்பங்களை ஏற்பதைப் பாருங்கள். அவர் உங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்கும் ஒவ்வோர் இடமும் தாளில் எழுதப்படாமல் விட்ட இடம். அவற்றைச் சேர்த்து மறுபடி அச்செடுத்து, கருமபீடத்து இழுப்பறையில் ஒரு பிரதியும் கோவையில் ஒரு பிரதியும் வைத்துவிட்டு, கொப்பியில் புதிய பக்கத்தைத் திறந்து முதலாம் படியிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் தடவை மூன்று மாதம் தேவைப்படாது. ஆறு வாரம் போதும்.